வாத்தியார் ஐயாவின் காரணப் புத்தகம்

(தோட்டத் தமிழ்ப் பள்ளியின் முன்னாள் தலைமையாசிரியர் மறைந்த முப்பதாம் நாள் நினைவுக் கூட்டத்தில், சங்கக் கிளையின் சார்பில் தோட்டக் கிராணியார் ஒருவர் ஆற்றிய உரை. தம் பெயரை எங்கும் பொறிக்கலாகாது என்று மறைந்தவர் சொல்லிச் சென்றதால், அவர் பெயரும் குடும்பத்தார் பெயர்களும் இங்கே தரப்படவில்லை.)

 

கிளையின் சார்பில் நான்கு வார்த்தை பேசவேண்டுமென்று செயலாளர் எங்களைக் கேட்டுக்கொண்டபோது, உண்மையிலேயே தயங்கினோம். கிராணி வேலை பார்ப்பவருக்குக் கணக்கு எழுதத் தெரியும். மேடையேறிப் பேசத் தெரியாது. மேலும், சிப்பந்திகளுக்கு ஒரு சங்கம், தொழிலாளருக்கு ஒரு சங்கம் என்றிருக்கும் நாட்டில், தொழிலாளர் கிளையின் மேடையில் ஒரு கிராணி வந்து நிற்பது சிலருக்கு வியப்பாகவும் இருக்கலாம். ஆயினும், ஐயாவின் வாழ்வில் இந்தக் கிளைக்கும் பங்குண்டு; எங்கள் குடும்பத்துக்கும் பங்குண்டு; நாங்கள் உட்கார்ந்து எழுதும் ஆபீஸ் மேசைக்கும் பங்குண்டு. எனவே இசைந்தோம். குறையிருப்பின் பொறுத்தருள்க.

சென்ற வாரம் ஐயாவின் மூத்த மகளார் ஒரு தகரப் பெட்டியைக் கொண்டுவந்து கிளைச் செயலாளரிடம் ஒப்படைத்தார். அதில் நகையில்லை, பத்திரமில்லை. முப்பதுக்கு மேற்பட்ட நோட்டுப் புத்தகங்கள் இருந்தன. ஐயா ஆசிரியராக இருந்த ஆண்டுகளுக்கு ஆண்டுக்கொன்று. தோட்டத்தில் பெரியவர்கள் அதைக் "காரணப் புத்தகம்" என்பார்கள். பெயரைக் கேட்டிருக்கிறோம், கண்ணால் பார்த்தது அன்றுதான். அந்தப் புத்தகம் எப்படிப் பிறந்தது, அது என்ன செய்தது என்பதைச் சொன்னால் ஐயாவின் வாழ்க்கையைச் சொன்னதாகும் என்று கருதுகிறோம்.

ஐயா பிறந்தது ஜப்பான்காரன் காலத்தில். சயாம் மரண ரயில் பாதையை யாவரும் அறிவீர்கள். 415 கிலோமீட்டர் நீளமுள்ள அப்பாதையை ஜப்பானியர் 1942இல் தொடங்கி 1943 அக்டோபரில் முடித்தனர். மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரக் கணக்கான தமிழர்கள் அங்கே கொண்டுசெல்லப்பட்டனர். வயிற்றுப்போக்கும் காலராவும் மலேரியாவும் பட்டினியும் அவர்களைக் கொண்டுபோயின. அப்படிப் போனவர்களில் ஒருவர் ஐயாவின் தகப்பனார். மகன் அப்போது தாயின் வயிற்றில். தகப்பனார் திரும்பவில்லை. எந்த மைலில் விழுந்தார், எந்த நாளில் விழுந்தார் என்று எழுதிவைப்பார் எவருமில்லை.

தாயார் மரம் வெட்டி மகனை வளர்த்தார். பையன் தோட்டப் பள்ளியில் படித்தான். அந்நாளையப் பள்ளி எப்படிப்பட்டது என்பதை இளையவர்கள் அறிந்துகொள்ள வேண்டும். பள்ளி வயதுப் பிள்ளைகள் 10 பேருக்குமேல் உள்ள தோட்டங்களில் முதலாளி பள்ளி அமைக்கவேண்டும் என்று 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம் கூறியது. சட்டம் கூறியது, பல தோட்டங்களில் ஒரு கொட்டகை எழும்பியது. கிராணியோ கங்காணியோ ஓய்ந்த நேரத்தில் வந்து சொல்லிக்கொடுப்பதும் உண்டு. ஒரே வாத்தியார், நான்கு வகுப்பு, ஒரே கரும்பலகை. பாடப் புத்தகம் இந்தியாவிலிருந்து வந்தது. வாசற்படியில் நிற்கும் பால்மரத்தைப் பற்றி ஒரு வரி இராது. 1956இன் ரசாக் அறிக்கையும் 1957இன் கல்விச் சட்டமும் வந்த பிறகுதான் தமிழ்ப் பள்ளி இந்நாட்டுக் கல்வி முறையில் ஓர் அங்கமாகி, இந்நாட்டுப் பாடத்திட்டத்தைப் பெற்றது.

அத்தகைய கொட்டகையில் படித்து, எஸ்டேட் பையன் என்று ஏளனம் செய்தவர்களுக்கு நடுவே சோதனையில் தேறி, ஆசிரியப் பயிற்சி பெற்று, இருபது வயதுகூட நிரம்பாத இளைஞராக ஐயா நம் தோட்டப் பள்ளிக்கு வந்து சேர்ந்தார். நாடு விடுதலை பெற்றுச் சில ஆண்டுகளே ஆகியிருந்தன. வெள்ளைச் சட்டை, வெள்ளைக் காற்சட்டை, கையில் பிரம்பு. ஆம் தோழர்களே, பிரம்பு. இறந்தவரைப் புகழும்போது பிரம்பை மறைத்துப் பேசுவது வழக்கம். நாங்கள் மறைக்கப் போவதில்லை. ஏனெனில் காரணப் புத்தகம் அந்தப் பிரம்பிலிருந்துதான் பிறந்தது.

வேலைக்கு வந்த இரண்டாம் ஆண்டோ மூன்றாம் ஆண்டோ, ஒன்பது வயதுப் பையன் ஒருவன் நாள்தோறும் நேரங்கழித்து வந்தான். ஐயா இரண்டு நாள் எச்சரித்தார். மூன்றாம் நாள் அடித்தார். நான்காம் நாளும் பையன் நேரங்கழித்தே வந்தான், அன்றும் அடித்தார். பையன் அழவில்லை, காரணமும் சொல்லவில்லை. கையை உதறிக்கொண்டு போய் உட்கார்ந்தான். சிலேட்டைப் பிடிக்கும்போது பார்த்தால், அவன் விரல் நகங்களில் எல்லாம் பால் உறைந்து கறுத்துப் போயிருந்தது.

அன்று மாலை ஐயா லயத்துக்குப் போனார். பையனின் தாயார் காய்ச்சலோடு அடுப்படியில் உட்கார்ந்திருந்தார். புருஷன் இறந்து ஓராண்டாகவில்லை. 400க்கு மேற்பட்ட மரங்கள் கொண்ட நிரை. காய்ச்சல் என்று வீட்டில் நின்றால் அன்றைய கூலி இல்லை. ஆகவே பையன் விடியுமுன் தாயோடு காட்டுக்குப் போய், கோட்டுப்பால் இழுத்து, மங்கு துடைத்து வைத்துவிட்டு, அங்கிருந்தே ஓடிப் பள்ளிக்கு வந்துகொண்டிருந்தான்.

ஐயா சொன்னாராம்: "அக்கா, தப்பு என்னுடையது. விவரம் கேட்காமல் அடித்துவிட்டேன்."

அந்த அம்மாள் சொன்னாராம்: "நீங்க அடிக்கலாம் வாத்தியாரே, அதுக்குத்தானே அனுப்புறேன். ஆனா நேரங்கழிச்சு வந்ததுக்கு அடிக்கணும்னா, என்னையத்தான் அடிக்கணும்."

அந்த அம்மாள் எங்கள் பாட்டியார். அந்தப் பையன் எங்கள் தந்தையார். இதோ, மூன்றாம் வரிசையில் அமர்ந்திருக்கிறார். இந்தக் கதையை அவர் வாயால் பலமுறை கேட்டிருக்கிறோம். ஒரு தடவையேனும் கசப்போடு அவர் இதைச் சொன்னதில்லை. "எங்கம்மாகிட்ட ஒரு வாத்தியார் தப்புன்னு சொன்னாரு" என்பதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்வார். அந்தக் காலத்தில் வெள்ளைச் சட்டை போட்டவர் எவரும் லயத்து வாசலில் நின்று ஒரு கூலிக்காரப் பெண்ணிடம் அந்த வார்த்தையைச் சொன்னதில்லை.

மறுநாள் ஐயா ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கினார். அரசாங்க ரிஜிஸ்தரில் வந்தவன், வராதவன் என்ற இரண்டே குறி. இந்தப் புத்தகத்தில் மூன்று கட்டம்: பெயர், நாள், காரணம். அன்று முதல், வராத பிள்ளைக்கும் நேரங்கழித்து வந்த பிள்ளைக்கும் காரணம் விசாரித்து எழுதாமல் ஐயா பிரம்பைத் தொட்டதில்லை. சில ஆண்டுகளில் பிரம்பே காணாமற் போயிற்று. நாங்கள் அவரிடம் படித்த காலத்தில் அதைக் கண்டதில்லை.

புத்தகத்தைப் புரட்டினால் ஒரு தோட்டத்தின் சரித்திரம் தெரிகிறது. "தாய்க்குப் பிரசவம், அடுப்பு இவள் பொறுப்பு." "சட்டை ஒன்றே, துவைத்தது காயவில்லை." "சம்பளம் கள்ளுக்கடையில் தீர்ந்தது. பிள்ளை பசியால் படுத்திருக்கிறான்." "ஆற்றில் வெள்ளம், பாலம் இல்லை." இவற்றில் எந்தப் பிள்ளையின் பெயரையும் இந்த மேடையில் நாங்கள் வாசிக்கப் போவதில்லை. பலர் இங்கேயே பாட்டியாகவும் தாத்தாவாகவும் அமர்ந்திருக்கிறீர்கள்.

ஐயாவின் குடும்பத்தைப் பற்றிச் சொல்லவேண்டும். அவர் கைப்பிடித்தது ஆசிரியை அல்லர், கிராணி மகளும் அல்லர். இதே தோட்டத்தில் மரம் வெட்டிய பெண். வாத்தியார் மனைவி ஆன பிறகும் அம்மா உளியைக் கீழே வைக்கவில்லை; வைக்கச் சொல்லி ஐயாவும் கேட்கவில்லை. அந்நாளில் தோட்டப் பள்ளி வாத்தியாரின் சம்பளத்தில் ஒரு தாயாரையும் மூன்று பிள்ளைகளையும் காப்பாற்றுவது எளிதன்று.

அம்மா விடியற்காலையில் பெரட்டுக்குப் போய்விடுவார். அதன் பிறகு வீட்டில் ஆண்பிள்ளை அரசாங்கம். ஐயா தேத்தண்ணீர் கலக்குவார், பிள்ளைகளைக் குளிப்பாட்டுவார், இரண்டு பெண் பிள்ளைகளுக்கும் எண்ணெய் தடவித் தலைவாரி, இரட்டைச் சடை பின்னி ரிப்பன் கட்டுவார். முதலில் பின்னிய சடை பள்ளிக்கு வருவதற்குள் அவிழ்ந்துவிடுமாம். ஆயக்கொட்டகை ஆயாவிடம் போய்க் கற்றுக்கொண்டார். லயத்தில் சிரித்தார்கள். "வாத்தியாரு பொண்டாட்டி வேலை பாக்குறாரு" என்று கள்ளுக்கடையில் பாட்டே கட்டினார்களாம். ஐயா கேட்டுக்கொண்டே போவாராம். சில ஆண்டுகள் கழித்து அப்படிச் சிரித்தவர்களில் இரண்டொருவர் தம் மகள்களுக்குத் தாமே சடை பின்னி அனுப்பியதாக எங்கள் தந்தையார் சொல்கிறார்.

மற்றொன்று. அம்மா கல்யாணமாகி வந்தபோது கைநாட்டு. சம்பள நாளில் விரலில் மை தடவிக்கொண்டுதான் கூலி வாங்குவார். ஐயா இரவில் அரிக்கேன் விளக்கு வெளிச்சத்தில் மனைவிக்கு எழுத்தறிவித்தார். ஆறு மாதத்தில் அம்மா பெயரெழுதிக் கையெழுத்திட்டுச் சம்பளம் வாங்கினார். அதைப் பார்த்த பக்கத்து வீட்டுப் பெண், அடுத்த வரிசைப் பெண் என்று ஒவ்வொருவராக வந்தார்கள். வாத்தியார் வீட்டுத் திண்ணையே இரவுப் பள்ளியாயிற்று. கையெழுத்திடக் கற்றவர்கள் எண்களையும் கற்றார்கள். எண்களைக் கற்றவர்கள் பால் நிறுவையைக் கவனிக்கத் தொடங்கினார்கள். எத்தனை வாளி கொட்டினோம், எத்தனை ராத்தல் எழுதினார்கள் என்று வீட்டில் குறித்துவைத்து, சம்பள நாளில் ஒப்பிட்டுக் கேட்டார்கள். அந்நாளைய ஆபீஸில் அது பிடிக்கவில்லை என்பதைக் கிராணியாகிய நாங்களே சொல்லிவிடுவது நல்லது.

இப்போது இந்தக் கிளையோடு தொடர்புடைய செய்திக்கு வருகிறோம்.

1954இல் பல சங்கங்கள் ஒன்றிணைந்து தோட்டத் தொழிலாளர் தேசியச் சங்கம் உருவானது. அதற்குப் பிறகும் ஒவ்வொரு தோட்டத்திலும் ஒவ்வொரு வசதியையும் தனித்தனியே கேட்டுத்தான் வாங்கவேண்டியிருந்தது. எழுபதுகளில் நம் தோட்டத்தின் ஆயா வயதாகி ஓய்வு பெற்றார். நிர்வாகம் வேறு ஆயாவைப் போடவில்லை. "பிள்ளைகள் எண்ணிக்கை குறைந்துவிட்டது, பார்க்கலாம்" என்றார்கள். பார்த்தார்கள், பார்த்தார்கள், ஓராண்டு பார்த்தார்கள். கைக்குழந்தை உள்ள தாய்மார்கள் என்ன செய்வார்கள்? எட்டு வயது, ஒன்பது வயதுப் பெண் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டில் நிறுத்திக் குழந்தையை மடியில் கொடுத்துவிட்டுக் காட்டுக்குப் போனார்கள்.

கிளைத் தலைவர் நிர்வாகத்திடம் போய்ப் பேசினார். "எத்தனை பேர் அப்படி நிற்கிறார்கள், சொல்லுங்கள்" என்று கேட்டார்கள். வாய்ச் சொல்லாகத்தான் பதிலளிக்க முடிந்தது. அன்றிரவு அவர் வாத்தியார் வீட்டுக்கு வந்தார். ஐயா காரணப் புத்தகத்தை எடுத்துக் கொடுத்தார். ஒரே மாதத்தில் 11 பெண் பிள்ளைகள். எந்தெந்த நாள், எந்தக் குழந்தைக்காக என்று வரிசையாக எழுதியிருந்தது. அரசாங்க ஆசிரியர் தோட்ட நிர்வாகத்தோடு மோதினால் என்ன ஆகும் என்பது அவருக்குத் தெரியாததன்று. பள்ளி நிலமும் தோட்டத்தினுடையது. குடியிருந்த வீடும் தோட்டத்தினுடையது. "புத்தகத்தைக் கொடுத்தால் மட்டும் போதாது, நானும் வருகிறேன்" என்றாராம்.

மறுநாள் துரை புத்தகத்தைப் புரட்டினார். பதினோராவது பெயரில் விரலை வைத்து, "இது யார் பிள்ளை? இங்கே காரணத்துக்குக் கீழே இன்னொரு வரி எழுதியிருக்கிறதே?" என்று கேட்டார். அந்த வரி இது: "தம்பியைப் பார்த்துக்கொள்ள மூன்று நாள் வீட்டில் நின்றாள். குற்றம் தகப்பனுடையது."

"என் மகள்தான்" என்றார் ஐயா.

தோழர்களே, இதை நாங்கள் கதையாகத்தான் கேட்டிருந்தோம். சென்ற வாரம் அந்தப் பக்கத்தைக் கண்ணால் பார்த்தோம். எழுத்து மங்கியிருக்கிறது; வரி அப்படியே இருக்கிறது. மற்றப் பெற்றோரின் குறையை எழுதும் அதே புத்தகத்தில் தம் குறையையும் எழுதினார். மறைத்திருந்தால் யாருக்குத் தெரியும்? 10 பேர் என்று சொல்லியிருந்தாலும் வழக்கு நின்றிருக்கும். ஆனால் அந்தப் பதினோராவது பெயர் இருந்ததால்தான் மற்றப் பத்துப் பெயரையும் எவராலும் பொய்யென்று சொல்ல முடியவில்லை. இரண்டு மாதத்தில் ஆயக்கொட்டகை திறந்தது. புதிய ஆயா வந்தார். நாங்கள் வளர்ந்ததும் அந்தக் கொட்டகைத் தூளியில்தான். அந்த 11 பெண் பிள்ளைகளில் ஒருவர் பிற்காலத்தில் தாதியானார். பெட்டியைச் சுமந்துகொண்டு வந்த ஐயாவின் மூத்த மகளார்தாம் அவர்.

ஆயக்கொட்டகைக்கு முன்பே ஐயா செய்த இன்னொரு வேலையையும் குறிப்பிட்டாக வேண்டும். 1969க்குப் பிறகு, குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை செய்ய அனுமதிப் பத்திரம் வேண்டுமென்ற சட்டம் தோட்டங்களில் இடியாய் விழுந்தது. இந்நாட்டிலேயே பிறந்தவர்கள்கூடப் பிறப்புப் பத்திரம் இல்லாமல் சிவப்புக் கார்டோடு நின்றார்கள். பிள்ளை லயத்தில் பிறந்தது, மருத்துவச்சி பார்த்தாள், பதிவு செய்யவேண்டுமென்று யாருக்கும் தெரியவில்லை. எத்தனையோ குடும்பங்கள் மனமுடைந்து 'ரஜூலா' கப்பலேறி, தாங்கள் பார்த்தேயிராத ஊர்களுக்குப் போய்விட்டன. நம் தோட்டத்திலும் சில லயங்கள் காலியாயின.

அந்நாளில் ஐயா சனி, ஞாயிறு இரண்டு நாளும் பட்டணத்துக்கு பஸ் ஏறினார். பள்ளியின் பழைய சேர்க்கைப் பதிவேட்டில் பிறந்த இடமும் வயதும் இருக்கும். அதைச் சான்றாகக் காட்டிப் பாரம் எழுதிக் கொடுத்தார். கூடவே போய், கியூவில் நின்று, மலாயில் விளக்கிச் சொன்னார். ஒருமுறை இரண்டு முறை அல்ல, மாதக் கணக்கில் நடந்தார். கிடைக்காதவர்களும் உண்டு. கிடைத்தவர்களில் ஒருவர் எங்கள் பாட்டியார். அவர் நீலக் கார்டைக் கடைசி வரை சாமி படத்துக்குப் பின்னால் வைத்திருந்தார்.

இப்படி ஊருக்கு உழைத்தவர் வீட்டை மறந்திருப்பாரோ என்று சிலர் நினைக்கலாம். பொதுவாழ்வில் இறங்கிய பலருடைய வீட்டுக் கதை அப்படித்தான் இருக்கிறது. நம் சங்கத் தோழர்கள் சிலருக்கும் இந்தச் சொல் உறைக்கட்டும். எங்களுக்கும் சேர்த்தே சொல்லிக்கொள்கிறோம். ஐயா அப்படியிருக்கவில்லை. கூட்டம் எதுவானாலும் இரவு ஒன்பது மணிக்கு எழுந்துவிடுவார். "பிள்ளைகள் கதை கேட்கக் காத்திருப்பார்கள்" என்பார். கூட்டம் முடியவில்லையே என்றால், "முடிவை நாளைக் காலையில் சொல்லுங்கள்" என்று போய்விடுவார்.

தோட்டத்துச் சிப்பந்திகள் பலர் தம் பிள்ளைகளைப் பட்டணத்துப் பள்ளிக்கு அனுப்பியபோது, ஐயா தம் மூன்று பிள்ளைகளையும் இதே பள்ளியில், தொழிலாளர் பிள்ளைகளோடு ஒரே பெஞ்சில் உட்கார வைத்தார். வகுப்பில் அவர்களும் "ஐயா" என்றுதான் கூப்பிடவேண்டும். அடக்கத்தன்று அவருடைய மகன் எங்களிடம் சொன்னார்: "பள்ளிக்கூடத்துல எங்களுக்கு அப்பா கிடையாது, வீட்டுல வாத்தியார் கிடையாது. வாசல்படி தாண்டினா வேற ஆளாயிடுவாரு." அந்நாளில் தமிழ்ப் பள்ளியிலிருந்து இடைநிலைப் பள்ளிக்குப் போன பிள்ளைக்குப் புகுமுக வகுப்பு என்று ஓராண்டு கூடுதலாயிற்று. அந்த ஓராண்டைத் தம் பிள்ளைகளும் கழித்தார்கள். "ஊர்ப் பிள்ளைக்கு உள்ளது நம் பிள்ளைக்கும்" என்றார். அந்த முடிவு சரியா என்று தம் மகளுக்கும் தமக்கும் பலநாள் வாக்குவாதம் நடந்ததுண்டு என்பதையும் அவரே எங்களிடம் சொல்லியிருக்கிறார். மகளாரும் இங்கே இருக்கிறார். அவர் இன்று தம் பேத்தியைத் தமிழ்ப் பள்ளியில்தான் சேர்த்திருக்கிறார்.

நாங்கள் நான்காம் வகுப்பில் இருந்தபோது ஐயாவுக்கு 55 வயது நிரம்பி ஓய்வு வந்தது. ஓய்வு வந்தால் குவார்ட்டர்ஸைக் காலி செய்யவேண்டும். அதை எதிர்பார்த்து இருபது ஆண்டுகளாகச் சேமித்து, பட்டணத்துத் தாமானில் ஒரு சிறு வீடு வாங்கியிருந்தார். தொழிலாளர்களிடமும் அதையே சொல்லிக்கொண்டிருந்தார். ஐம்பதுகளில் தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது குடும்பம் குடும்பமாக வெளியேற்றப்பட்டதை அவர் சிறு வயதில் கண்டவர். 1960இல் துன் சம்பந்தன் தலைமையில் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் தோன்றி, தொழிலாளர்கள் சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தைக் கொண்டு கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டத்தை வாங்கிய செய்தியை எங்களுக்கு வகுப்பில் பாடமாகவே சொன்னார். "மரம் தோட்டத்துடையது. வீடு தோட்டத்துடையது. பிள்ளை ஒன்றுதான் உன்னுடையது. வீட்டையும் உன்னுடையதாக்கு" என்று பெற்றோரிடம் சொல்வார்.

அந்தத் தாமான் வீட்டில் ஓய்வாக இருக்க அவருக்குக் கொடுத்துவைக்கவில்லை. சில ஆண்டுகளில் அம்மாவுக்குப் பக்கவாதம் வந்தது. வலக்கையும் வலக்காலும் விழுந்தன. பெண் பிள்ளைகள் இருவரும் தங்களோடு வந்துவிடும்படி அழைத்தார்கள். ஐயா இசையவில்லை. தாமே சமைத்தார், தாமே துவைத்தார், தாமே மருந்து கொடுத்தார். ஒரு நாள் காலையில் பார்க்கப் போனோம். அம்மா நாற்காலியில் உட்கார்ந்திருக்க, பின்னால் நின்றுகொண்டு ஐயா சடை பின்னிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்து, "கை மறக்கவில்லையடா" என்றார். அம்மாவின் இடக்கையில் ஒரு பென்சில் இருந்தது. வலக்கை போனதால் இடக்கையால் கையெழுத்திட மறுபடியும் பாடம் நடந்துகொண்டிருந்தது. எழுபது வயதுக்கு மேல் ஆசிரியருக்கு ஒரே மாணவி.

அந்த ஒரு நாள்தான் நாங்கள் போனது. அடுத்த ஊர்தான், மோட்டார் சைக்கிளில் அரை மணி நேரம். பிறகு போகலாம், பிறகு போகலாம் என்றே ஆண்டுகள் ஓடின. இந்த மன்றத்தில் நிரம்பியிருக்கும் மாணவர்களில் பெரும்பாலோர் கதையும் இதுவே. இறந்த பிறகு மாலையோடு வந்தோம். அவருடைய காரணப் புத்தகத்தில் எங்கள் பெயருக்கு நேரே என்ன காரணம் எழுதுவது? அம்மா அவர்களே, எங்களிடம் காரணமில்லை. ஐயா லயத்து வாசலில் நின்று எங்கள் பாட்டியாரிடம் சொன்னதையே உங்களிடம் சொல்கிறோம்: தப்பு எங்களுடையது.

இறுதியாக, எங்கள் மேசையைப் பற்றி ஒரு சொல். கிராணியிடம் செக்ரோல் இருக்கிறது. முழு நாள், அரை நாள், வரவில்லை. இப்போது அது கம்ப்யூட்டரில் இருக்கிறது. ஆனாலும் அதே மூன்று குறிதான். பெட்டியைத் திறந்த மறுநாள் நாங்களும் ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கினோம். மூன்று நாள் தொடர்ந்து வராதவரைத் தேடிப்போய் விசாரிப்பது என்று வைத்துக்கொண்டோம். முதல் வாரத்திலேயே ஒரு காரணம் அகப்பட்டது. இருபத்தைந்து ஆண்டு வேலை செய்த ஒரு தோழர் அடிக்கடி வராமல் நின்று, எச்சரிக்கைக் கடிதம் வாங்கும் நிலைக்கு வந்திருந்தார். விசாரித்தால், சிறுநீரகம் கெட்டு வாரத்தில் மூன்று நாள் இரத்தச் சுத்திகரிப்புக்குப் போகிறார். வேலை போய்விடுமோ என்று சொல்லாமல் மறைத்திருக்கிறார். அவருக்காக சொக்சோவுக்கு மனு எழுதி அனுப்பியிருக்கிறோம். ஐயா இருந்திருந்தால் முதல் நாளே கேட்டிருப்பார்.

பெரியோர்களே! காலம் மாறிவிட்டது. பால்மரம் நின்ற இடங்களில் செம்பனை நிற்கிறது. லயங்களில் பாதிக்கு மேல் வெளிநாட்டுத் தொழிலாளர்கள். 1957இல் இந்நாட்டில் 888 தமிழ்ப் பள்ளிகள் இருந்தன. இன்று இருப்பவை ஏறத்தாழ 530. அவற்றில் பலவற்றில் பிள்ளைகள் மிகக் குறைவு. 2003 முதல் தொடக்கக் கல்வி கட்டாயம் என்று சட்டமிருக்கிறது. இருந்தும் பிறப்புப் பத்திரம் இல்லை, தாய் தகப்பனின் திருமணம் பதிவாகவில்லை என்ற காரணங்களால் பள்ளி வாசலில் தயங்கி நிற்கும் பிள்ளைகள் இன்றும் நம்மிடையே இருக்கிறார்கள். அரைநூற்றாண்டுக்கு முன் ஐயா எழுதிய காரணங்களில் சிலவற்றை இன்றும் அப்படியே எழுதலாம் என்பது நமக்கு வெட்கம்.

ஐயாவுக்குச் சிலை வைக்கலாம், மண்டபத்துக்குப் பெயரிடலாம் என்று அன்பர்கள் சிலர் கூறினார்கள். அவர் விருப்பம் அதற்கு மாறானது. ஆகவே கிளைச் செயலவை கூடிச் சில முடிவுகள் செய்திருக்கிறது. அந்த நோட்டுப் புத்தகங்களைக் கிளை அலுவலகத்தில் பூட்டிப் பாதுகாப்பது. அவற்றிலுள்ள குடும்பச் செய்திகளைச் சம்பந்தப்பட்டவர் அனுமதியின்றி எவருக்கும் காட்டுவதில்லை. மாதத்தின் முதல் சனிக்கிழமை கிளை அலுவலகத்தில் மேசை போட்டு உட்கார்ந்து, பிறப்புப் பத்திரம், அடையாளக் கார்டு, பள்ளிச் சேர்க்கை ஆகியவற்றுக்குப் பாரம் எழுதிக் கொடுத்து, தேவையானால் பதிவு அலுவலகத்துக்குக் கூடவே போவது. பள்ளித் தலைமையாசிரியரோடு கலந்து, ஒரு வாரத்துக்குமேல் வராத பிள்ளையின் வீட்டுக்குக் கிளையிலிருந்து ஒருவர் போய் விசாரிப்பது. முதல் சனிக்கிழமை மேசையில் நாங்கள் இருப்போம். அடுத்த சனிக்கிழமைகளுக்கு ஆள் வேண்டும். எழுதப் படிக்கத் தெரிந்த இளைஞர்கள் கூட்டம் முடிந்ததும் செயலாளரிடம் பெயர் கொடுத்துவிட்டுப் போகும்படி கேட்டுக்கொள்கிறோம்.

வராதவனை வராதவன் என்று எழுதிவிட்டுப் போவது எளிது. ஏன் வரவில்லை என்று அவன் வீட்டு வாசல்வரை போய்க் கேட்டார் எங்கள் வாத்தியார் ஐயா. நாமும் கேட்போம்.

அம்மா அவர்களுக்கும் குடும்பத்தாருக்கும் கிளையின் ஆழ்ந்த அனுதாபங்களைத் தெரிவித்துக்கொண்டு அமர்கிறோம்.